மொதப் பிச்சை

இதுல ஒரு வார்த்தை பொய்யின்னாலும் என் நாக்கு அழுகிப் போவட்டும். நாக்கு போனா எனக்குப் பொழப்பே போச்சு, அதனால நல்லா யோசிச்சுத்தான் சத்தியம் பண்றேன். நான் படிச்சது ரெண்டாங்கிளாஸு. கூட்டல் வரைக்கும் இருந்தேன், கழித்தல் நடத்துறதுக்குள்ள ஓடியாந்துட்டேன். ஆகக்கொண்டு எதையும் கழிக்காமச் சொல்றேன், கேளுங்க.

"சாமியாருக்கு ஜீவனாம்சம் உண்டா சாமி?"

இப்படித்தான் கேட்டான் அவன், கால்ல விழுந்தவாக்குல.

மலையடிவாரத்துல ஒரு மடம். மடம்னா நாலு கல்தூணு, மேல தகரம். கதவுகூடக் கெடையாது. அங்க இருந்தவங்க சாமியம்மா. நாப்பது வயசு இருக்கும். பேச்சு கம்மி. பாத்திரம் வெளக்குறது என் வேல. அவங்க பேசாத பேச்சையும் சேத்துப் பேசுறதும் என் வேலதான்.

சாமியம்மா பூண்டு உரிச்சுக்கிட்டிருந்தாங்க. நிமுந்து பாக்கல.

"வாங்குறதா, குடுக்குறதா?"

"குடுக்குறது சாமி."

"அப்ப நீ இன்னும் சாமியார் ஆவல. ஆனவன் வாங்குறதத்தான் கேப்பான்."

நான் சிரிச்சுட்டேன். அவன் சிரிக்கல.

அவன் பேரு ராக்கப்பன். லோடு வண்டி ஓட்டுறவன். பொண்டாட்டி பாண்டியம்மாவையும் பொட்டப்புள்ளையையும் விட்டுட்டு வந்துட்டான். அந்தம்மா கோர்ட்டுல இலவச சட்ட உதவின்னு போட்டிருக்கிற ரூமுக்குப் போயி அழுதுச்சு. அங்க ஒரு வக்கீல் பொண்ணப் புடிச்சுக் குடுத்தாங்க. கேஸு போட்டாச்சு. புள்ளைக்கும் தனக்கும் சோத்துக்கு வழி கேட்டு.

ஆனா நோட்டீஸு இவன் கைக்குப் போய்ச் சேரணும்ல? அண்ணன் வீட்டுக்குப் போனா, "அந்தாளு இங்க இல்லீங்க." வண்டி செட்டுக்குப் போனா, "இங்க வர்றதையே நிறுத்திட்டான் சார்." போன நோட்டீஸு போன மாதிரியே திரும்பி வருது. கேஸு நின்ன எடத்துலயே நிக்குது.

"ஓடி ஓடி அலுத்துப் போச்சு சாமி. துறவியத் தொட முடியாதுன்னு டீக்கடையில சொன்னாங்க. நான் எல்லாத்தையும் துறந்துட்டேன். வண்டியக்கூட அண்ணன் பேருக்கு மாத்திட்டேன்."

"வண்டிச் சாவி?"

இடுப்பத் தொட்டுப் பாத்துக்கிட்டான்.

"இருக்கு சாமி."

கட்டியிருந்த காவியில கடைக்காரன் ஒட்டுன வெலச்சீட்டு அப்படியே இருந்துச்சு. நாந்தான் பிச்சு எடுத்தேன். "துறவு நல்ல வெலதான்ணே"ன்னேன். மொறச்சான்.

"இவன் துறவின்னு மடத்துலேருந்து ஒரு வரி எழுதிக் குடுங்க சாமி. என்னைக்காச்சும் புடிச்சா காமிச்சுக்குவேன்."

"தரேன். இங்க ஒரு வழக்கம் உண்டு."

"சொல்லுங்க."

"மொதப் பிச்சை சொந்த வீட்டுல எடுக்கணும். வாசல்ல நின்னு தாயேன்னு கூப்பிடணும். போடுறத இங்க கொண்டா. அத நான் தின்னா நீ சாமியாரு. திங்கலேன்னா சம்சாரி."

"அவ வெளக்கமாத்தால போடுவா சாமி."

"அதையும் கொண்டா."

மொட்டை அடிச்சு, பட்டை போட்டு, கையில திருவோட்டக் குடுத்து அனுப்புனாங்க. சாட்சிக்கு என்னையும்.

ஸ்கூல் விட்ட நேரம். லைன் வீட்டுல கடைசி வீடு. வாசல்ல நின்னு கொரலெடுத்தான்.

"தாயே! பிச்சை!"

வந்தது பாண்டியம்மா இல்ல. புள்ள. கனிஷ்கா. யூனிபாரம்கூட மாத்தல. பால்வாடி போறப்ப பாத்த அப்பன், இப்ப மொட்டையும் பட்டையுமா நிக்கிறான். அதுக்கு அடையாளம் தெரியல.

"அம்மா கோர்ட்டுக்குப் போயிருக்கு சாமி. இன்னும் சோறாக்கல."

வா போவோம்னு அவன் சட்டுனு திரும்பிட்டான்.

"இருங்க, இருங்க!"

உள்ள ஓடுச்சு. பள்ளிக்கூடப் பையைத் தொறந்து டிபன் பாக்ஸ எடுத்துட்டு வந்துச்சு. அதுல ஒரு முட்டை. சத்துணவுல போடுவாங்கள்ல, அது. பேனாவால கண்ணு, மூக்கு வரைஞ்சு, நெத்தியில ஒரு பொட்டும் வெச்சிருந்துச்சு.

"சாமியெல்லாம் முட்டை சாப்பிடுவீங்களா?"

"இவரு நாலு குடுத்தாலும் சாப்பிடுவாரு பாப்பா"ன்னேன்.

"ஒண்ணுதான் இருக்கு. அம்மாவுக்குன்னு வெச்சிருந்தேன்."

ஓட்டுல வெச்சுச்சு. வெச்சுட்டுக் கையக் கூப்புச்சு.

"எனக்கு ஒண்ணு வேண்டிக்கங்க சாமி."

நாந்தான் கேட்டேன், என்ன வேணும்னு.

"எங்கப்பா அட்ரஸு கெடைக்கணும். நோட்டீஸு திரும்பித் திரும்பி வருதாம். அட்ரஸு மட்டும் கெடச்சாப் போதும்னு வக்கீல் அக்கா சொல்லிருக்காங்க."

டிபன் பாக்ஸ மூடுச்சு.

"அப்பா வரவேணாம். அட்ரஸு போதும்."

இப்ப அழுதுருவான்னு அவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தேன்.

மடியிலேருந்து துண்ணூத்த எடுத்தான். புள்ள நெத்தியில பூசுனான்.

"கெடைக்கும்"னான். நடையக் கட்டிட்டான்.

நான் எத்தனையோ சாமியாரப் பாத்திருக்கேன்யா. எதுக்கும் கலங்காதவன்னா இவன் ஒருத்தன்தான்.

மடத்துக்கு வந்து ஓட்ட முன்னால வெச்சான்.

"இந்தாங்க பிச்சை. எழுதிக் குடுங்க."

"யாரு போட்டா?"

"புள்ள."

"என்ன கேட்டா?"

அவன் தரையப் பாத்தான். நான் சொன்னேன். ஒரு எழுத்து விடாம.

சாமியம்மா கையில உரிச்ச பூண்டு அப்படியே நின்னுச்சு.

"நீ என்ன சொன்ன?"

"கெடைக்கும்னேன்."

"சாமியாரு குடுத்த மொத வாக்கு. பலிக்கணும்ல?"

என் பக்கம் திரும்புனாங்க.

"டேய், கோர்ட்டுக்கு ஓடு. அட்ரஸு கெடச்சிருச்சுன்னு சொல்லு."

ஓடுனேன். கோர்ட்டு வாசப்படியில பாண்டியம்மாவும் வக்கீல் பொண்ணும் உக்காந்திருந்தாங்க. அன்னிக்கும் வாய்தா. அதே காரணம். நான் சொன்னதும் ரெண்டு பேரும் செருப்ப மாத்தி மாட்டிக்கிட்டு ஆட்டோ ஏறுனாங்க.

வந்து பாத்தா தூணுல காவி தொங்குது. தரையில ஓடு இருக்கு, ஓட்டுல முட்டை இருக்கு. ஆளு இல்ல.

வக்கீல் பொண்ணுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "நீங்க புடிச்சு வெச்சிருக்கலாமே சாமி?"

"நாய்னா கட்டிப் போடலாம்மா."

பாண்டியம்மா முட்டைய எடுத்துச்சு. பொட்டு வெச்ச மூஞ்சியப் பாத்துச்சு.

"இது எம்புள்ள வரைஞ்சது."

என் பக்கம் திரும்புச்சு.

"எம்புள்ள கையால வாங்கிட்டுப் போனானா?"

தலையாட்டுனேன்.

"சாமி, எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லுங்க. அவன் சாமியாரா, எம்புருசனா? சாமியாராப் போயிட்டான்னா அதச் சொல்லியே அத்துவிடச் சொல்லிக் கேக்கலாமாம், இந்தப் பொண்ணு சொல்லுது. ஆனா சாமியார்கிட்டப் போயி சோத்துக்கு என்னத்தக் கேக்குறது? புருசன்னா கேக்கலாம். ஆனா எங்க போயிக் கேக்குறது? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க சாமி, நான் போறேன்."

சாமியம்மா பூண்ட ஓரமா வெச்சாங்க.

அப்புறம் பாண்டியம்மா கைய, முட்டையோட சேத்து, அது வாய்ப்பக்கம் தள்ளுனாங்க.

"நீ தின்னு."

"நான் கேட்டது..."

"காலையிலேருந்து தின்னியா?"

"இல்ல."

"தின்னு. அடுத்த வாய்தாவுக்கும் நடக்கணும்ல."

பாண்டியம்மாவுக்கு ஒண்ணும் புரியல. எனக்குப் புரிஞ்சுச்சு. வக்கீல் பொண்ணு என்னையப் பாத்துச்சு. பிச்சைய சாமியம்மா திங்கலேன்னா என்ன அர்த்தம்னு, மடத்து வழக்கத்த அதுகிட்டச் சொன்னேன். கேட்டுட்டுக் கண்ணத் தொடச்சுக்கிட்டு, "நோட்டீஸு மறுபடி அனுப்புவோம்க்கா"ன்னுச்சு. "எங்கடி?"ன்னுச்சு பாண்டியம்மா.

பாண்டியம்மா முட்டைய உரிச்சுச்சு. கண்ணு மூக்கு ஒடையாம முட்டை ஓட்ட மெல்லமா எடுத்து முந்தானையில முடிஞ்சுக்குச்சு. முட்டைய ரெண்டே வாயில முழுங்குச்சு. தொண்டையில அடைச்சு இருமுச்சு. நான் தண்ணி மோந்து குடுத்தேன்.

சிரிக்க வெக்கிற மாதிரி எதாச்சும் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன்.

வரல.

அம்புட்டுத்தான் கதை. துண்ட விரிச்சாச்சு, போடுறதப் போடுங்க. ஏய் பச்சச் சட்டை, எங்கய்யா நைசா எந்திரிக்கிற? உக்காரு. ஒன் அட்ரஸு எனக்குத் தெரியும்!