சாடை இல்லாத குட்டிகள்

போத்தனூரில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் ஜெசிந்தாவின் வீடு இருந்தது. முன் அறையில் தையல் மிஷின், பின் அறையில் பாம்புகள். வெளிநாட்டுப் பாம்புகள், பால் பைதான் என்று பெயர். விஷம் கிடையாது. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும், அதனால்தான் அந்த 'பால்'. முறையாகப் பதிவு செய்து வளர்த்தார்.

அவரிடம் வளர்ப்புக் கற்க வந்தவர்கள் எல்லோரும் அவரை டீச்சர் என்றார்கள். நாச்சிமுத்து மட்டும் அம்மிணி என்பார். அவர் வயதில் மிகவும் மூத்தவர். சூலூர்ப் பக்கம் தறி ஓட்டி நிமிர்ந்தவர்.

நெடுநாள் வராமல் இருந்தவர் ஒரு காலையில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"உள்ளே வாங்கண்ணா. இங்க யாரும் கடிக்கமாட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை.

"அம்மிணி, ஒரு குடும்பத்துல இல்லாத நிறம் எங்கிருந்துங்க வரும்?"

"யாருக்கு என்ன நிறம்?"

"பேத்தி பொறந்திருக்குது. முடி வெள்ளை. இமைகூட வெள்ளை. நாங்க எல்லாம் கருப்பட்டி நிறம்."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"பிறவியிலயே நிறம் இல்லை, அப்படிப் பொறக்கிறதுதான்னு ஏதோ சொன்னாரு. நான் முழுசாக் கேக்கலைங்க. சொந்தக்காரங்க வராந்தாவுல நின்னாங்க. அதுல ஒருத்தன் கேக்கறான், 'மாமா, உங்க தறிக்கு வெளிநாட்டு ஆர்டர் ஏதாச்சும் வந்துச்சா?'ன்னு. அத்தனை பேரும் சிரிச்சாங்க."

"நீங்க?"

நாச்சிமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"எங்க கூட்டத்துல, எங்க வம்சத்துலயே இப்படி ஒருத்தரும் கிடையாது, இது எங்க பிள்ளை இல்லைன்னேன்."

"மருமக காதுல விழுந்துச்சா?"

"அவளைப் பாத்துத்தான் சொன்னேன்."

மருமகள் சுகுணா அப்படியே பச்சைக் குழந்தையோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் அங்கே உட்கார்ந்து கல்யாணத்தை அத்துவிடப் பேசுவதாக இருந்தது.

"உங்க மகன் என்ன சொல்றார்?"

"என் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கறான்."

"குழந்தை கண்ணைத் திறந்து பாக்குதா?"

"சுருக்கிக்கிட்டே இருக்குதுன்னாங்க. நான் தூக்கிப் பாக்கலைங்க."

டீச்சர் எழுந்தார். "வாங்க" என்றார்.

பின் அறை வெதுவெதுப்பாக இருந்தது. டீச்சர் இரண்டு பெட்டிகளை இழுத்துக் காட்டினார்.

"இது அப்பன். இது அம்மா."

இரண்டும் பழுப்பு. மேலே கறுப்புத் திட்டுகள். கடையில் எல்லோரும் தாண்டிப் போகும் சாதாரணப் பாம்புகள்.

மூன்றாவது பெட்டியில் ஈர மணலைப் போன்ற ஒன்றின் மேல் முட்டைகள் ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் பிளேடு கீறியதுபோல ஒரு கீறல். ஒரு கீறலில் பழுப்புத் தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து முட்டையிலும் பழுப்பு. இருவரும் முட்டைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஒரு கூட்ஸ் வண்டி நீளமாகப் போய் முடிந்தது.

ஓரத்து முட்டை அசைந்தது. அதன் கீறலில் ஒரு தலை வந்தது. பால் வெள்ளை. நடுவில் மஞ்சள். கண் இரண்டும் சிவப்பு.

டீச்சர் எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். "கண்ணு கூசும்" என்றார்.

நாச்சிமுத்து முட்டையையே பார்த்தார். பிறகு பெட்டிகளைப் பார்த்தார்.

"ரெண்டும் பழுப்பாச்சுங்களே. வேற வெள்ளை ஆண் ஏதாச்சும் உள்ள போயிருக்குமுங்களா?"

"பெட்டிக்குப் பூட்டு இருக்கு. சாவி என்கிட்ட இருக்கு."

"இல்ல, இந்தப் பொட்டையை நம்பலாமுங்களா?"

சொன்ன பிறகுதான் அவருக்குத் தன் குரல் கேட்டது. வராந்தாவில் கேட்ட அதே குரல். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

டீச்சர் அதைக் கவனிக்காதவர்போல அம்மாப் பாம்பின் பெட்டியை உள்ளே தள்ளினார்.

"இதுங்களை எங்கிருந்துங்க வாங்கினீங்க?" என்று நாச்சிமுத்து மெல்லக் கேட்டார்.

"வாங்கலை. நீங்க விட்டுட்டுப் போனது."

நாச்சிமுத்துவுக்கு நினைவு வந்தது. சில வருடங்களுக்கு முன் அவரிடம் ஒரு வெள்ளை ஆண் பாம்பு இருந்தது. பழுப்புப் பெண்ணோடு சேர்த்தார். வெள்ளைக் குட்டிகள் வரப்போகின்றன என்று ஊரைக் கூட்டினார். பால் பைதான் என்றதும் பெரியப்பா ஒருவர் சொம்பில் பாலோடு வந்து நின்றார். பொரித்தவை எல்லாம் பழுப்பு. பால் கொண்டுவந்தவரே முதலில் சிரித்தார். அன்று மாலையே குட்டிகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு இங்கே வந்தார்.

"ஒண்ணுக்குக்கூட அப்பன் சாடை இல்லை. வீட்ல வெச்சிருந்தா மானம் போகுது" என்றார்.

"வெச்சுப் பாருங்கண்ணா" என்று டீச்சர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் வண்டி ஏறினார்.

"அந்த டப்பாவுல இருந்த அண்ணனும் தங்கச்சியும்தான் இந்த ரெண்டும்" என்றார் டீச்சர். "குட்டி, அப்பன்கிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணுன்னு வாங்கிட்டு வருது. பழுப்பு ஒண்ணு இருந்தாப் போதும், தோல் பழுப்பாத்தான் இருக்கும். கூட வந்த வெள்ளை உள்ளேயே இருக்கும். வெளியில காட்டாது. எத்தனை தலைமுறை வேணும்னாலும் காட்டாது."

"அப்புறம் எப்பங்க காட்டும்?"

"ரெண்டு பக்கமும் வெள்ளையைக் குடுக்கறப்ப."

"ரெண்டு பக்கமுமா?"

"ஒரு பக்கம் மட்டும் குடுத்தா வராதுங்கண்ணா."

நாச்சிமுத்து துண்டைப் பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

"ஆனா எங்க கூட்டத்துல யாருமே..."

"உங்க மருமக யாரோட பொண்ணு?"

அவர் துண்டைத் தோளில் போட்டார்.

"என் தங்கச்சி பொண்ணுங்க. முறைப் பொண்ணுதான்."

"அப்ப உங்க ரத்தம்தானே?"

"தங்கச்சியைக் கட்டிக் குடுத்தாச்சுங்களே. பொண்ணு அவளோட அப்பன் கூட்டம்."

"உங்க தங்கச்சி தாலி கட்டிக்கிட்டுப் போறப்ப, உடம்பையும் மாத்திக்கிட்டா போனாங்க?"

வெள்ளைக் குட்டி தலையை முட்டைக்குள் இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நீட்டியது. நாச்சிமுத்து அதன் பக்கம் குனிந்தார். திரை இடுக்கில் வந்த வெளிச்சத்தை மறைத்து, தன் நிழல் அதன்மேல் விழும்படி நகர்ந்து நின்றார். கண் அவருக்குக் கலங்கியிருந்தது. அதைத் துடைக்கவில்லை.

"டீச்சர்" என்றார். அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சொல்லுங்கண்ணா."

"நாளைக்கு அத்தனை பேர் முன்னால, அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்து நான் என்னங்க சொல்றது?"

டீச்சர் முட்டைப் பெட்டியை மெதுவாக மூடினார்.

"போறப்ப குடை எடுத்துட்டுப் போங்க. கூட்டிட்டு வரும்போது வெயில் ஏறிடும். அந்தப் பிள்ளை கண்ணுக்கு ஆகாது."