ஓதுவாரும் செவலையும்

“அம்மா, கூட்டத்தைப் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைச்சிடுது” என்றார் ஓதுவார் சிவக்கொழுந்து.

மலையடிவாரத்தில் சிறு ஆசிரமம் நடத்திவந்த உமையாள் அம்மை அவரைவிட வயதில் இளையவர்.

“எப்ப இருந்து?”

“திருவாதிரை அன்னிக்குப் பதிகத்தோட நடுவில குரல் நின்னுபோச்சு. நாகசுரக்காரர் வாசிச்சுச் சமாளிச்சார். அதிலேருந்து நெஞ்சு படபடன்னு அடிக்குது. பங்குனி உத்திரத்துக்குத் திரும்பப் பாடணும். முடியலைன்னா கோயிலை விட்டே போயிடுவேன். பாட்டைத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்? ஏதாவது மந்திரம் கொடுங்க.”

“பால் கறப்பீங்களா?”

“சின்ன வயசுல கறந்திருக்கேன்.”

“நம்ம செவலைப் பசு கன்னு போட்டிருக்கு. நாளையிலேருந்து நீங்க கறங்க.”

“அம்மா, நான் ஓதுவார்.”

“அது செவலைக்குத் தெரியாது.”

மறுநாள் விடிந்ததும் கன்றைக் கொஞ்சம் ஊட்டவிட்டுப் பிடித்துக் கட்டினார். காம்பில் கை வைத்தார். செவலை திரும்பிப் பார்த்தது. பாலை அடக்கிக்கொண்டது.

அழுத்தினார். உதைத்தது. செம்பு உருண்டோடியது.

சமையல்காரி பொன்னுத்தாய் சமையற்கட்டு வாசலில் நின்றாள். “என்ன ஓதுவாரய்யா, உங்க புண்ணியத்தில எல்லாருக்கும் கடுங்காப்பியா?”

ஓதுவார் அம்மையிடம் போனார். “மாடு சரியில்லை.”

“நேத்து தூங்கினீங்களா?”

“எங்க தூங்கினேன்? செல்போன்ல திருவிழா அழைப்பிதழைப் பார்த்துக்கிட்டே கிடந்தேன். என் பேர் போட்டிருக்கே.”

“காலையில?”

“நின்னுக்கிட்டே காப்பி. அப்புறம் இன்னொண்ணு.”

அம்மை கையை நீட்டினார்.

ஓதுவார் செல்போனைக் கொடுத்தார்.

அன்று நேரத்தோடு படுத்தார். செவலை மறுநாளும் உதைத்தது.

“நீங்க சொன்னபடி நேரத்தோட படுத்தேனே, அம்மா!”

“நான் எங்க சொன்னேன்? எதுவானாலும் செவலைகிட்டச் சொல்லுங்க.”

மாட்டிடம் சொல்ல என்ன இருக்கிறது? அதை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போனார். அது மெல்ல நடந்தது. அவரும் மெல்ல நடக்க வேண்டியதாயிற்று. வெயில் பட்டது. வியர்த்தது. பசித்தது. திரும்பி வந்து சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்.

“இன்னிக்குத்தான் ஐயாவுக்கு என் குழம்பு கண்ணுக்குத் தெரியுது” என்றாள் பொன்னுத்தாய்.

படுத்ததும் உறங்கிப்போனார். காலையில் செம்பின் அடியில் கொஞ்சம் பால் தங்கியது.

அதன்பின் தினமும் நடந்தார். வெறும் வயிற்றில் குடிக்கும் காப்பி தானாகவே நின்றுபோனது. பாலும் நாளுக்கு நாள் கூடியது.

ஒரு நாள் கோயிலிலிருந்து ஆள் வந்தது. “உத்திரத்துக்கு வந்துடுவீங்கல்ல? போன தடவை மாதிரி ஆயிடாதே?”

மறுநாள் செவலை மறுபடியும் அடக்கிக்கொண்டது.

ஓதுவார் இந்த முறை அழுத்தவில்லை. கையை எடுத்துவிட்டார். அதன் வயிற்றில் நெற்றியைச் சாய்த்து, அதன் மூச்சோடு தன் மூச்சையும் விட்டுப் பார்த்தார். வெயில் ஏறும்வரை அப்படியே இருந்தார்.

பிறகு சுரந்தது.

உத்திரத்துக்கு முந்தின நாள் காலை. செம்பில் நுரை ஏறிக்கொண்டிருந்தது. பால் விழும் ஓசையோடு ஓதுவாருக்குள் ஏதோ ஒரு பதிகம் முனகலாய்ப் புறப்பட்டது. முனகல் பாட்டாயிற்று. அவர் கவனிக்கவில்லை.

செவலை காதைத் திருப்பியபோதுதான் அவரும் திரும்பினார்.

தொழுவத்து வாசலில் கூட்டம். திருவிழாவுக்கு வந்தவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி, பாட்டைக் கேட்டு வந்து, பையும் கைக்குழந்தையுமாக நின்றார்கள். அத்தனை கண்களும் அவர்மேல்.

நெஞ்சு ஒரு முறை படபடத்தது.

கையைப் பார்த்தார். பால் நிற்கவில்லை.

அவரும் நிறுத்தவில்லை. குரல் கூரையைத் தாண்டிப் போய் மலையில் மோதித் திரும்பியது. ஒரு பெரியவர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார். பொன்னுத்தாய் கரண்டியோடு ஓடிவந்து அப்படியே நின்றுவிட்டாள்.

பதிகம் முடிந்தது. ஓதுவார் தளும்பும் செம்போடு அம்மையிடம் ஓடினார்.

“அம்மா! பாடிட்டேன்! இத்தனை பேர் முன்னால பாடிட்டேன்!”

அம்மை செம்பை வாங்கிக்கொண்டார்.

“சரி. கன்னு கத்துது பாருங்க. போய் அவிழ்த்துவிடுங்க.”

ஓதுவார் திரும்பி நடந்தார். கூட்டம் வழிவிட்டது. நடந்தபடியே அடுத்த பதிகத்தை எடுத்தார்.