யாழினிக்கு ஒரு பச்சைப் பேனா

சீடருக்கு ஐம்பத்தொரு வயது. குருவுக்கு முப்பத்தாறு.

குருவின் பெயர் பூங்கோதை. சிங்காநல்லூரில் அவளுக்கு ஒரு பட்டறை இருந்தது. எபோனைட் என்ற கெட்டி ரப்பர் கம்பியை லேத்தில் கடைந்து கையாலேயே பேனா செய்வாள். கேட்பவர்களுக்கு லேசர் மெஷினில் பெயரோ லோகோவோ பொறித்துக் கொடுப்பாள்.

சீடர் ஆறுச்சாமி. மில்லில் இருபத்து நான்கு வருஷம் நூலின் தரம் பார்த்தவர். பிறர் வேலையில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மில் மூடியதும் தொழில் கற்க இங்கே வந்தார். முதல் நாள் வாய்தவறி அவளை "டீச்சர்" என்றார். அதுவே நிலைத்துவிட்டது. அவள் அவரை "அண்ணா" என்றாள்.

ஒரு திங்கட்கிழமை மாரப்பன் என்பவர் வந்தார். பீளமேட்டில் சிமென்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். மகள் கால்நடை மருத்துவராக அரசு வேலையில் சேரப் போகிறாள். இனி பச்சை மையில் கையெழுத்துப் போடுவாளாம். அதனால் பேனாவும் பச்சையாக இருக்க வேண்டும், அதில் அவள் பெயர் இருக்க வேண்டும். "யாழினி" என்று தன் கையாலேயே ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"அந்த 'ழ'வை மட்டும் பாத்துப் போடுங்க," என்றார்.

மறுநாள் ஒரு கல்லூரிக்கு நாற்பது பேனாக்கள் போக வேண்டியிருந்தது. லோகோவில் ஒரு விளக்கு, அதைச் சுற்றி மயிரிழை போலக் கோடுகள். ஆறுச்சாமியின் கண்ணெல்லாம் அந்தக் கோடுகளில் இருந்தது. இடையில் பச்சைப் பேனாவை மெஷினில் பொருத்தினார். பெயரைத் தட்டினார். பொத்தானை அழுத்தினார். ரப்பர் கருகும் வாடை வந்தது. ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்தது. பேனாவைத் துடைத்துப் பெட்டியில் வைத்தவர், பெயரைப் படித்துப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மாரப்பன் வந்து, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க, இது நாங்குடுத்த 'ழ' மாதிரி தெரியலீங்களே?"

ஆறுச்சாமி எட்டிப் பார்த்தார். 'யாளினி' என்றிருந்தது. தான் தட்டியதுதான் தப்பென்று தெரிந்தது. அதற்குள் வாய் பேசிவிட்டது.

"நீங்க எழுதிக் குடுத்தபடிதானுங்க போட்டிருக்குது."

மாரப்பனின் முகம் சுருங்கியது.

"அப்ப நாந்தான் தப்பா எழுதீட்டனுங்களா? பள்ளிக்கூடமே போகாதவன் பாருங்க. கையெழுத்துப் போடவே புள்ளதான் சொல்லிக் குடுத்தா. கேட்டுப்போட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க."

கும்பிட்டுவிட்டுப் போனார்.

உள்ளே லேத் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று ஆறுச்சாமிக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பூங்கோதை அதை மறுபடி ஓட்டினாள்.

அதன் பிறகு அவளை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. மாரப்பனின் சீட்டு ஆர்டர் நோட்டில் பின் குத்தி இருந்தது. இரண்டு முறை அதைக் கிழித்துவிடலாமென்று நோட்டைத் திறந்தார். கிழிக்கவும் கை வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போய், தெருவைப் பார்த்து உட்கார்ந்து தின்றார்.

அடுத்த திங்கட்கிழமை பூங்கோதை ஒரு பச்சைக் கம்பியை லேத்தில் மாட்டினாள். அன்று பச்சையில் ஆர்டர் ஏதுமில்லை. மூடியும் உடலும் கடைந்து, மெருகேற்றி, அவர் முன்னால் வைத்தாள்.

"இது யாருக்குங் டீச்சர்?"

"தெரியலீங்கண்ணா. பேரு நீங்கதான் சொல்லோணும்."

ஆறுச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். நடந்ததைத் தரையைப் பார்த்தே சொல்லி முடித்தார். பிறகு 'யாழினி' என்று தட்டி, ஒவ்வோர் எழுத்தாக மூன்று தரம் படித்துவிட்டு, பொறித்தார்.

"கூரியர்ல அனுப்பீரலாமுங்க," என்றார். "மெஷின் கோளாறு, மன்னிக்கவும்னு ஒரு சீட்டு வெச்சு."

"மெஷின் மேல போடலாமுங்க. அது ஒண்ணும் சொல்லாது," என்றாள் பூங்கோதை. "மாரப்பன் மேல போட்டீங்க, அவரும் ஒண்ணும் சொல்லலீங்களே."

ஆறுச்சாமி நோட்டிலிருந்து சீட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பீளமேட்டுக்குப் பஸ் ஏறினார்.

கிடங்கில் லாரியைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். மேஸ்திரி வருகைப் பதிவேட்டை நீட்டிக்கொண்டிருந்தார். மாரப்பன் மைப்பெட்டியில் இடது கட்டைவிரலை அழுத்தி, நோட்டில் உருட்டினார்.

"கையெழுத்துத்தானே போடுவே? என்ன புதுசா?" என்றார் மேஸ்திரி.

"தப்பாப் போட்டுட்டா எதுக்குங்க வம்பு? இதே இருக்கட்டும்."

ஆறுச்சாமி அப்படியே திரும்பிப் போய்விட நினைத்தார். அதற்குள் மாரப்பன் அவரைப் பார்த்துவிட்டு, ஊதா மை அப்பிய விரலைத் துண்டில் மறைத்துக்கொண்டே வந்தார்.

"வாங்க, வாங்க. என்னுங்க இவ்வளவு தூரம்?"

"நீங்க சரியாத்தானுங்க எழுதியிருந்தீங்க." சீட்டை நீட்டினார். "நாந்தான் தப்பாப் போட்டேன். தப்புன்னு தெரிஞ்சுதான் உங்க மேல தூக்கிப் போட்டேன்."

லாரியைச் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாரப்பன் சீட்டை வாங்கி, 'ழ'வின் சுழியை விரலால் தடவினார். மேஸ்திரியிடம் காட்டினார்.

"சரியாத்தான் இருக்குதுங்களா?"

"சரியாத்தான்யா இருக்குது," என்றார் மேஸ்திரி.

மாரப்பன் வியர்வையைத் துடைப்பதுபோலத் துண்டால் முகத்தை மூடினார். துண்டு கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்தது.

ஆறுச்சாமி புதுப் பேனாவை நீட்டினார். மாரப்பன் அதை வாங்கி, பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவர் கையிலேயே திரும்ப வைத்தார்.

"இது வேண்டாமுங்க. 'அப்பன் தப்பா எழுதிப்போட்டேன் சாமி'ன்னு புள்ளகிட்டச் சொல்லித்தான் அந்தப் பேனாவைக் குடுத்தேன். 'உன்ற எழுத்து அப்பா, இதுலதான் கையெழுத்தே போடுவேன்'னு கொண்டுபோயிட்டா. இப்பப் போயி அது என்ற எழுத்தில்லைன்னு எப்பிடீங்க சொல்றது? நீங்களும் சொல்லீராதீங்க."

சரியென்று தலையாட்டினார் ஆறுச்சாமி.

பட்டறைக்குத் திரும்பி, பேனாவை மேஜைமேல் வைத்தார். நடந்ததைச் சொன்னார். பூங்கோதை லேத்தில் ஒட்டியிருந்த சீவலைத் தூரிகையால் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"அவரு நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடப் பரவால்லீங்க," என்றார் ஆறுச்சாமி. "அந்தப் புள்ள இன்னும் அப்பன் தப்பா எழுதுனதாத்தான் நெனச்சுட்டிருக்குது. சொன்னா அவருக்குக் குடுத்த வாக்குப் போச்சு. சொல்லாட்டி நான் சொன்ன பொய்யி அப்பிடியே நிக்குது. நான் என்னதானுங் டீச்சர் பண்றது?"

பூங்கோதை தூரிகையைக் கீழே வைத்தாள்.

"கையால செஞ்ச பேனாங்கண்ணா. மை கட்டும், நிப் தேயும். ரெண்டு வருசத்துல அந்தப் புள்ள சர்வீசுக்கு இங்கதான் எடுத்துட்டு வரும். சொல்றதா வேண்டாமான்னு அது முகத்தைப் பாத்து நீங்களே முடிவு பண்ணுங்க," என்றாள். "அன்னைக்கு லீவு போட்டறாதீங்க."