ஜெசிந்தா வாங்கின பழைய மூளை

ஒரு ஊர்ல, உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவுல, ஜெசிந்தான்னு ஒருத்தி இருந்தா. ஐஸ் கம்பெனியில டைப் அடிக்கிற வேலை. வீட்டுக்கு வந்தா போதும், செருப்பைக் கழட்டி வீசிட்டு கம்ப்யூட்டர்ல கார் ரேஸ்! ம் சொல்லு கண்ணு, சொன்னாத்தான் கார் ஓடும். ம்... ஆங், அப்படி.

அவளுக்கு ஒரு அண்ணன், இன்னாசின்னு பேரு. கப்பல்ல வேலை. போனா ஒரு வருஷம் கழிச்சுத்தான் வருவான். லீவுல வந்தா அண்ணனும் தங்கச்சியும் ரேஸ் விடுவாங்க. எப்பவும் அண்ணன்தான் ஜெயிப்பான். ஏன்னா, நாப்பது காரும் மொத்தமா ஒரு வளைவுல திரும்பும் பாரு, அப்போ ஜெசிந்தா கம்ப்யூட்டர் டக்குனு நின்னுடும். மறுபடி அது அசையறதுக்குள்ள இவ கார் கவுந்து கெடக்கும். டமால்!

"ஏட்டி ஆமை!"ம்பான் அண்ணன். அதோட விடுவானா? நடுக்கடல்லேருந்து போன் பண்ணும்போதும், "ஆமை சாப்பிட்டுச்சா? ஆமை தூங்கிடுச்சா?"ன்னு வருஷம் பூரா அதே பேச்சு.

அப்புறம் என்னாச்சு, அவன் லீவு முடிஞ்சுபோச்சு. மறுநாள் சாயங்கால ரயில்ல கிளம்பணும். ஒரே ஒரு ரேஸ்தான் பாக்கி. ஜெசிந்தாவுக்கு மனசு படபடபடன்னு அடிச்சுக்குது. ஓடினா கம்ப்யூட்டர் சாமான் விக்கிற மைதீன் அண்ணாச்சி கடைக்கு.

"அண்ணாச்சி, என் பெட்டிக்கு மூளையை மாத்தணும்!"

கம்ப்யூட்டருக்கும் மூளை உண்டு கண்ணு. ப்ராசஸர்னு சொல்லுவாங்க. பிஸ்கட் அளவுதான் இருக்கும்.

அண்ணாச்சி ரெண்டை எடுத்து வச்சார். ஒண்ணு போன மாசம் வந்தது, டப்பாவே மினுமினுன்னு மின்னுது. இன்னொண்ணு மூணு வருஷத்துப் பழசு, மேல ஒரே தூசி. ஃபூன்னு ஊதினார். ஹச்ச்சூ!

"புதுசு!"ன்னா ஜெசிந்தா.

"இரு தாயி. அந்த மேசையில ரெண்டு பெட்டி ஓடுது. ஒண்ணுல இந்தப் புதுசு, ஒண்ணுல இந்தப் பழசு. ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் சொல்லு."

முதல்ல தனிக் கார் விட்டா. விர்ர்ர்ர்! புதுசு ஒரு மூக்கு முந்திச்சு. அப்புறம் மழை ரோட்டுல விட்டா. சளக் சளக் சளக்! ரெண்டும் சமம். மூணாவதா, நாப்பது காரையும் சேத்து விட்டா. அப்போ பாரு, புதுசு அந்த வளைவுல திக்... திக்...னு திக்கிச்சு. பழசு? எண்ணெயில வழுக்கின மாதிரி சொய்ங்ங்னு போயிடுச்சு!

"எப்படி அண்ணாச்சி?"

"புதுசு வேகக்காரன்தான். ஆனா சாமான் வேணும்னா ஒவ்வொரு தடவையும் உள்ரூமுக்கு ஓடணும். பழசு எல்லாத்தையும் மடியிலேயே கட்டி வச்சிருக்கு, எடுத்து எடுத்துக் குடுக்குது. உன் பெட்டியிலயும் அப்படியே உக்காந்துக்கும். புதுசுன்னா பாதிப் பெட்டியையே மாத்தணும்."

ஜெசிந்தா மினுமினுப்பு டப்பாவை ஒரு தடவை தடவிப் பாத்தா. பெருமூச்சு விட்டா. பழசை எடுத்துக்கிட்டு வந்துட்டா.

ம் சொல்லு. கொட்டாவி விடாதே, ரேஸே இனிமேதான்!

மறுநாள் இன்னாசி பையெல்லாம் கட்டி வாசல்ல வச்சுட்டு, தன்னோட புது லேப்டாப்பைத் திறந்தான். "வாட்டி ஆமை!"

விர்ர்ர்ர்! நாப்பது காரும் பறக்குது. அம்மா கரண்டியோட வந்து நின்னு, "இந்தச் சனியனை நிறுத்துங்களேன்!"ங்குறா. வளைவு வருது, வருது, வந்துடுச்சு! ஜெசிந்தா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. திறந்து பாத்தா, இவ கார் சொய்ங்ங்! அண்ணன் கார்தான், கடையில பாத்த அந்தப் புதுசு மாதிரியே, திக்... திக்... டமால்!

"ஆஆஆஆ!"ன்னு ஜெசிந்தா கத்தி, கட்டில் மேல ஏறிக் குதிச்சா பாரு, கட்டில் கால் மடக்குனு ஒடிஞ்சுபோச்சு. வீட்டுல தீப் பிடிச்சிடுச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க குடம் குடமா தண்ணியோட ஓடி வந்துட்டாங்க!

"இன்னொரு தடவை!"ன்னான் இன்னாசி. தோத்தான். "ஒரே ஒரு தடவை!" அதுலயும் தோத்தான். "சத்தியமா இதுதான் கடைசி!"ன்னு மூணாவது தடவை விட்டான். ரெண்டு காரும் ஒட்டி ஒட்டிப் போகுது, ஊரே நின்னு பாக்குது, அப்போ தூரத்துல...

கூஊஊஊ! ரயில் போயிடுச்சு.

இன்னாசி வாசல்ல இருக்கிற பையைப் பாத்தான், அம்மாவைப் பாத்தான். "நாளைக்கு ரயில்ல போனாலும் கப்பலைப் பிடிச்சிடலாம்மா"ன்னான், மெதுவா.

செம திட்டு விழப்போகுதுன்னு ஜெசிந்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அம்மா அடுப்படிக்குள்ள போனா. சலசலன்னு அரிசி களையற சத்தம் கேட்டுது.

அப்புறம் உள்ளேருந்தே கேட்டா, குரல்ல சிரிப்பை அடக்கிக்கிட்டு: "ஏல இன்னாசி, நாளைக்கு உனக்குச் சீலா மீன் வாங்கட்டா, நண்டு வாங்கட்டா?"

அவ்வளவுதான் கண்ணு. கதை கரை ஏறிடுச்சு. நீ கண்ணை மூடு.