இசக்கியின் வாரம்

முதலில் தப்புச் செய்தவன் தம்பி இசக்கி. யார் கேட்டாலும் சுடலைமுத்து இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்.

அப்பா கட்டிய வீட்டை இரண்டாகப் பிரித்தபோது நடுவில் ஒரு சுவர் எழும்பியது. வாசல் தனித்தனி, அடுப்படி தனித்தனி. பின்பக்கம் இருந்த ஒற்றைக் குளியலறையை மட்டும் பிரிக்க முடியவில்லை. அதை இருவரும் பொதுவில் அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று பத்திரம் எழுதியவர் எழுதிவிட்டார். யார் கழுவ வேண்டும் என்று எழுதவில்லை.

சுடலைமுத்துதான் முறை வகுத்தார். ஒரு வாரம் அண்ணன் வீடு, ஒரு வாரம் தம்பி வீடு. புதனும் சனியும் பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளியும் பிரஷும் பவுடர் டப்பாவும் அடுத்த வீட்டுப் பின்வாசலுக்குப் போய்விட வேண்டும். வாளி யார் வாசலில் இருக்கிறதோ அது அவர்கள் வாரம்.

வாளியைப் பார்த்ததும் இசக்கியின் பெண்டாட்டி சந்தனம், "பெரியத்தான் வீட்டுச் சீர்வரிசை வந்துட்டு" என்பாள்.

"பாத்ரூம் கழுவ நாள் குறிச்சது ஊரிலேயே எங்க அண்ணன் ஒருத்தர்தான்" என்பான் இசக்கி.

இருவரும் சிரிப்பார்கள். தேய்த்தால் தேய்ப்பார்கள், இல்லாவிட்டால் இல்லை.

போன ஐப்பசியில் இசக்கி குடும்பத்தோடு மாமனார் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனான். அவன் வாரம். வாளி அவன் வாசலில் இருந்தது. அடைமழைக் காலம். குளியலறைக்கு மேலே பாதிதான் கூரை. நாலாம் நாள் சுடலைமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் பாசியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. நாற்பது நாள் படுக்கையில் கிடந்தாள். அதன் பிறகு கட்டில் காலியானது.

இசக்கி ஓடி வந்தான். பாடையில் ஒரு மூலையைத் தூக்கினான். கருமாதிக்குப் பந்தல் போட்டான். 'என் வாரம், நான் செய்யாமல் போய்விட்டேன்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து குளியலறையில் யாரும் பிரஷைத் தொடவில்லை. வாளி இசக்கியின் வாசலில்தான் இருக்கிறது. மாசியும் வந்துவிட்டது. அவன் வாரம் இன்னும் முடியவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு சின்ன மடம். அதை நடத்துகிற அம்மாளுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். எல்லோருக்கும் தாயி. சுடலைமுத்து அறுபது வயதில் அவளைக் குருவாக ஏற்றார். "மக வயசுல ஒரு குருவா" என்று இசக்கி சிரித்தான். அதையும் சுடலைமுத்து மறக்கவில்லை.

ஒரு காலையில் நாலாக மடித்த காகிதத்தோடு மடத்துக்குப் போனார். கூடத்தில் தாயி இல்லை. பின்பக்கம் தேய்க்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாயி மடத்துக் குளியலறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களா தாயி இதைச் செய்யுதீங்க?"

"வாங்க அண்ணாச்சி. அந்த மூலையில கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."

காகிதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊற்றினார்.

"கக்கத்துல என்ன?"

"முறை எழுதியிருக்கேன் தாயி. வீட்டு பாத்ரூமுக்கு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுத் தந்தா அவன் தட்ட மாட்டான். சிரிப்பானே தவிர உங்களுக்குப் பயப்படுவான்."

"படிங்க."

மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. எழுத்துக்கூட்டிப் படித்தார். "முதல் வாரம் இசக்கி. ரெண்டாவது வாரம் சுடலைமுத்து. செவரு மாசம் ஒருக்கா. சாக்கடை வாய் ரெண்டு நாளைக்கு ஒருக்கா. ஊருக்குப் போறவங்க முடிச்சுக் குடுத்துட்டுப் போகணும்."

"முதல் வாரம் ஏன் அவுங்க?"

"அவன் வாரம் இன்னும் முடியலையே."

தாயி தேய்த்தாள். "உங்க வாரத்துல யாரு தேய்ப்பா?"

"நாங்கதான்."

தாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"பேச்சி தேய்ப்பா" என்றார் சுடலைமுத்து. "எனக்குக் குனிஞ்சா தலை சுத்தும்."

"இந்தப் பக்கமும் ஊத்துங்க."

ஊற்றினார். தரை வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆறு வருடமாக வருகிறார், ஒரு நாளும் இங்கே கால் வழுக்கியதில்லை என்பது அப்போதுதான் நினைப்பில் வந்தது.

"இங்க எப்பிடித் தாயி முறை? இது யாரு வாரம்?"

"வாரமெல்லாம் இல்ல."

"பிறகு?"

"பார்த்தவங்க தேய்ப்பாங்க."

"பார்த்துட்டுப் பேசாம போயிட்டா?"

"அடுத்து வாரவங்க பார்ப்பாங்க."

சுடலைமுத்து மக்கில் தண்ணீரை மொண்டார். ஊற்றாமல் வைத்திருந்தார்.

"அன்னிக்கு உங்க வீட்டுல யாரு முதல்ல பாசியைப் பார்த்தா?" என்றாள் தாயி.

"நான்தான். விடிய எந்திரிச்சுப் போனேன். கால் வச்சதும் இழுத்துட்டு. செவரைப் புடிச்சு நின்னுட்டேன்."

"பிறகு?"

"பேச்சிட்ட சொன்னேன். தம்பிக்காரன் பாசி பயிர் பண்ணிட்டுப் போயிருக்கான், பார்த்துப் போன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ரெண்டு தேய் தேய்ச்சிட்டு வந்திருதேன், இதுல என்ன இருக்குன்னா."

"நீங்க?"

"தொடப்பிடாதுன்னேன். அவன் வாரத்துல நம்ம கை பட்டா, பிறகு எல்லா வாரமும் நம்ம வாரந்தான்னேன். அது சரிதானே தாயி?"

தாயி சாக்கடை வாயில் சிக்கியிருந்த முடியைக் கையால் எடுத்துப் போட்டாள்.

"விழுந்தப்ப அவங்க குளிக்கவா போயிருந்தாங்க?"

மக்கில் இருந்த தண்ணீர் தளும்பிக் காலில் கொட்டியது. இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் கேட்கவில்லை. குளியலறையில் விழுந்தால் குளிக்கப் போனதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

"இல்ல தாயி."

தாயி பிரஷைக் கீழே வைத்தாள்.

"கையில பிரஷ் இருந்துச்சு. முழங்கை வரைக்கும் பவுடர். நான் டீக்கடைக்குப் போன நேரம் பார்த்து இறங்கியிருக்கா. முக்கால்வாசி தேய்ச்சுட்டா. அந்த ஓரந்தான் பாக்கி."

"பிரஷ் இப்ப எங்க?"

"வாளிக்குள்ள. இசக்கி வாசல்ல."

"யாரு கொண்டு வச்சா?"

சுடலைமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான்தான். ஆட்டோ வாரதுக்கு முன்னாடி. அவ கையிலிருந்து வாங்கி, கையைக் கழுவிவிட்டு, பிரஷையும் டப்பாவையும் கொண்டு அங்க வச்சேன். அவன் வாரத்துல நாங்க தேய்ச்சோம்னு ஆயிரக் கூடாதுன்னு வச்சேன். அந்த நேரத்துல எனக்கு அதுதான் தோணுச்சு தாயி."

"அவங்க மயக்கத்துல இருந்தாங்களா?"

"முழிச்சுட்டுத்தான் கிடந்தா. நான் கொண்டு வைக்கிறதைப் பார்த்துட்டே கிடந்தா. வலியில ஒரு சத்தங்கூடப் போடல. நாற்பது நாளும் ஒருத்தர்ட்டயும் சொல்லல. எங்கிட்டயும் அதைப் பத்திப் பேசல. தண்ணி கேட்பா. சாப்பிட்டீங்களான்னு கேட்பா. அவ்வளவுதான்."

வெளியே ஒரு காகம் கத்திவிட்டுப் போனது. தாயி எழுந்து கையைக் கழுவினாள். சுடலைமுத்துவின் கையிலிருந்த மக்கை வாங்கிக் கீழே வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் குரல் பழையபடி தடித்தது.

"அதுக்காக இசக்கி செஞ்சது இல்லேன்னு ஆயிருமா? அவன் தேய்ச்சுட்டுப் போயிருந்தா அவ ஏன் இறங்கப் போறா?"

"ஆகாது."

"அவன் வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணுமா வேண்டாமா?"

"சொல்லணும்."

இத்தனை மாதத்தில் ஒருவரும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. விட்டுத் தள்ளுங்க என்றார்கள். கூடப்பிறந்தவன்தானே என்றார்கள். சொல்லணும் என்று தாயி சொன்னதும் அவருக்குத் தெம்பு வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை.

"சொல்லுவானா தாயி?"

"தெரியாது. சொல்லாமலே போனாலும் போயிருவாங்க."

"நான் செத்த பிறகு வந்து பந்தல் போடுவான்."

"போடலாம்."

"அப்ப நான் என்ன செய்யட்டும்? இந்தக் காகிதத்துல எதையாவது மாத்தணுமா? முதல் வாரத்தை எம் பேருல போடச் சொல்லுதீங்களா? அது மட்டும் என்னால முடியாது. அதைப் போட்டேன்னா அவ செத்தது யாரு வாரத்துலன்னு ஒருத்தனுக்கும் தெரியாமப் போயிரும்."

தாயி காகிதத்தை வாங்கிப் படித்துப் பார்த்தாள். பெரிய பெரிய எழுத்து. இசக்கியின் பெயரை மட்டும் இரண்டு தடவை அழுத்தி எழுதியிருந்தார். மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"அந்த பாத்ரூம்ல இப்ப யாரெல்லாம் குளிக்கிறீங்க?"

"நானும் அவனும். சந்தனத்துக்கு முட்டி வீக்கம். அது செவரைத் தடவித் தடவிப் போயிட்டு வரும்."

"இன்னிக்குக் காலையில நீங்க போனப்ப தரை எப்பிடி இருந்துச்சு அண்ணாச்சி?"

இன்றும் சுவரைப் பிடித்துத்தான் நின்றேன் என்று சொல்ல சுடலைமுத்து வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு இசக்கியும் இன்றுவரை வாய் திறக்கவில்லை.