விரலுக்கு நிதி இல்லை

2019 மார்ச் 12, பகல் பன்னிரண்டு மணி. தூத்துக்குடியில் ஒரு பொறியியல் கல்லூரிக்கு நான்கு பேர் கொண்ட அரசு ஆராய்ச்சி நிதிக் குழு வந்தது. தலைவர் பெயர் ஞானாதிக்கம். கையிழந்தவர்களுக்காக அங்கே உருவாகிவந்த ரோபோ கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாப்பிடத்தானே? ஸ்பூன் பிடிக்க ஒரு கொக்கி போதும். வெளிநாட்டிலேயே அப்படித்தான். ஐந்து விரலுக்கெல்லாம் நிதி கிடையாது" என்றார். பேராசிரியர்கள் தலையாட்டினார்கள்.

மதியம் பரிமாறியவர் ஆய்வக உதவியாளர் மிக்கேலம்மாள். தலைவரின் இலையில் சோறும் சாளை மீன் குழம்பும் போட்டு, பக்கத்தில் ஒரு ஸ்பூனை வைத்தார்.

"கை கழுவத் தண்ணி எங்கேம்மா?"

"விரல் எதுக்கு சார்? ஸ்பூன் போதும்னு நீங்கதானே சொன்னிய."

"நல்லா இருக்கே! சாளை முள்ளை ஸ்பூனால எப்படிம்மா எடுக்கிறது?"

"அதையேதான் எங்க வீட்டுக்காரரும் கேக்காரு சார். படகு இஞ்சின்ல ரெண்டு கையும் போச்சு. நான் வேலைக்கு வந்துட்டா அவரு மீன் திங்கிறதில்ல."

தலைவர் சாப்பிட்டு முடித்ததும் குழுவின் பரிந்துரைத் தாளை வாங்கி, 'கொக்கி' என்பதை அடித்துவிட்டு 'ஐந்து விரல்' என்று எழுதினார்.

2022 ஜூன் 8 அன்று மிக்கேலம்மாளின் கணவர் சவரிமுத்து அந்த ரோபோ கையால் மீனில் முள்ளெடுத்து, முதல் வாயை மனைவிக்கு ஊட்டினார்.