தலை தொங்கிய பூசணி

பங்குனி வெயில் உச்சிக்கு வந்ததும் பூசணிக்கொடியின் இலையெல்லாம் துவண்டு தொங்கிவிட்டது. ஓய்வுபெற்ற தாசில்தார் சங்கரலிங்கம், தோட்டவேலைக்கு வரும் முத்துப்பேச்சியைக் கூப்பிட்டார்.

"செடி சாகுது, பாத்துக்கிட்டு நிக்கியே! ரெண்டு குடம் ஊத்து."

"காலையிலேயே ஊத்திட்டேன் அய்யா. மண்ணு இன்னும் ஈரமாத்தான் இருக்கு. இதுக்கு மேல ஊத்தினா வேரு அழுகிரும்."

"எனக்கே சொல்லித் தாரியா? சாயங்காலம் இலை நிமிரலைன்னா நாளைக்கு நீ வரவேண்டாம்."

முத்துப்பேச்சிக்கு இந்த ஒரு வீட்டு வேலைதான் இருந்தது. ஆனாலும் அவள் செடிக்குச் சொட்டுத் தண்ணீர் விடவில்லை.

சாப்பிட்டுவிட்டு வராந்தா நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். வெயில் தாழ்ந்து கண் விழித்தபோது, எதிரே முத்துப்பேச்சி குடமும் கையுமாக நின்றாள்.

"எதுக்குடி இது?"

"மத்தியானம் உங்களுக்கும் தலை தொங்கிப்போச்சுய்யா. ஊத்தலாமான்னு பாத்தேன். அதுக்குள்ள நீங்களே நிமிந்துட்டீங்க. அதுவும் நிமிந்திருச்சு."

சங்கரலிங்கம் தோட்டத்தைப் பார்த்தார். ஓர் இலை பாக்கியில்லாமல் எல்லாம் விரிந்து நின்றன.

"நாளைக்கு வந்திரும்மா," என்றார். "மத்தியானம் நான் குடத்தைத் தூக்கினா பிடுங்கி வைக்க ஆள் வேணும்."